‘மாசம் ரெண்டு நாள்தானே டீச்சர்?’

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 24 பிள்ளைகள். நானும் ஓர் உதவி ஆசிரியரும்தான். அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் பருவச் செய்தி அச்சடித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதில் வருகையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத ஆசை. நவம்பர் மாத வருகை 91 சதவீதம். ஆனாலும் நான்கு பிள்ளைகள் அடிக்கடி நின்றுவிடுகிறார்கள். மற்ற வீடுகளிலும் அவ்வப்போது ஓரிரு நாள் நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் ஒரு அப்பா, “மாசம் ரெண்டு நாள்தானே டீச்சர், எப்படியும் பாஸ்தானே” என்கிறார். முழு வருகை தந்தவர்கள் பெயரைப் போட்டுப் பரிசு அறிவிக்கலாமா? வராதவர்கள் பெயரையும் போட்டால் உறைக்குமா ஐயா?

பதில் (ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அலுவலர்):

டீச்சர், முதலில் அந்த 91 சதவீதத்தை ஓரமாக வையுங்கள். மேலே அனுப்ப அது போதும், உங்களுக்கு அதனால் பயன் இல்லை. மாதத்துக்கு 20 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 24 பிள்ளைகளுக்கு 480 வருகை. அதில் 436 பதிவானால் 91 சதவீதம் வந்துவிடும். விட்டுப்போன 44-ஐ யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். நான்கு பேர் வாரத்துக்கு இரண்டு நாள் நின்றால் அவர்கள் கணக்கிலேயே 32 போய்விடும். மற்ற 20 பேரும் சேர்ந்து விட்டது வெறும் 12. உங்கள் பதிவேடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளியின் சராசரி பார்க்க நன்றாக இருக்கிறது, அந்த நான்கு பேரும் வாரத்தில் மூன்று நாள்தான் படிக்கிறார்கள்.

ஆக, இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ‘ரெண்டு நாள்தானே’ என்கிற வீடுகள் ஒன்று, அந்த நான்கு வீடுகள் இன்னொன்று. நீங்கள் அச்சடிக்கப் போகும் தாள் முதல் வகை வீட்டுக்கு உதவும். நான்கு வீட்டுக்கு அது உதவாது, எவ்வளவு கண்டிப்பாக எழுதினாலும் சரி. அங்கே நேரில்தான் போக வேண்டும்.

வராதவர்கள் பெயரைப் போடவே வேண்டாம். 24 பிள்ளைகள் என்றால் மிஞ்சிப்போனால் பதினைந்து, பதினாறு வீடு. பாதிப் பேர் மாமன் மச்சான், மீதிப் பேர் பங்காளி. தாள் அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய்விடும். ஊர் நடுவில் தலைகுனிந்த வீட்டுக்காரர் மறுநாள் பிள்ளையை அனுப்ப மாட்டார். கையில் கொஞ்சம் காசு இருந்தால், வீட்டு வாசலுக்கு வேன் விடுகிற நர்சரி பள்ளியைத் தேடிப் போவார். மூன்று நாள் வந்துகொண்டிருந்த பிள்ளையும் போய்விடும்.

முழு வருகைப் பரிசிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பரிசு எப்படியும் வருகிற பிள்ளைக்கே போகும். ஜூலையில் ஒரு நாள் காய்ச்சலில் விட்ட பிள்ளைக்கு அன்றோடு அந்த ஆசை முடிந்தது. அதைவிட மோசம், பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து உட்காரும் பிள்ளை. அம்மையோ மெட்ராஸ் ஐயோ இருக்கிற ஒரு பிள்ளை ஒரே அறையில் ஐந்து வகுப்போடு உட்கார்ந்தால், அடுத்த வாரம் உங்கள் வருகைப் பதிவேடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாராட்ட வேண்டும் என்றால், போன பருவத்தில் நிறைய விட்டு இந்தப் பருவத்தில் குறைத்துக்கொண்ட பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, “இந்தத் தடவை நல்லா வந்துட்டாம்மா” என்று சொல்லுங்கள். தாளில் போடத் தேவையில்லை. அந்த அம்மா அதை மறக்க மாட்டார்.

சரி, தாளில் என்னதான் எழுதுவது? முதலில் அது செய்தியாக இருக்கட்டும். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் தாள் என்றாலே ஆதார் நகல் கேட்கும், வங்கிக் கணக்கு கேட்கும், கூட்டத்துக்குக் கூப்பிடும் என்று பெற்றோர் பழகிவிட்டார்கள். தன் பிள்ளை இந்த மூன்று மாதத்தில் என்ன கற்றுக்கொண்டது என்று சொல்லும் தாளை அநேகமாக அவர்கள் பார்த்ததே இல்லை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து நாம் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பேசுகிறோம். அது நமக்குள் இருக்கட்டும். வீட்டுக்கு, “உங்கள் பிள்ளை இப்போது இதைச் செய்யும், நீங்களே செய்யச் சொல்லிப் பாருங்கள்” என்று போக வேண்டும். எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதைப் பொதுத் தாளில் போடாதீர்கள்.

நானாக இருந்தால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். முதல் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் எழுதுகிறார்கள். வீட்டுச் சுவரில் எழுதினால் திட்டாதீர்கள், ஒரு பழைய நோட்டு கொடுங்கள். மூன்றாம் வகுப்பு கடன் வாங்கிக் கழிக்கக் கற்றிருக்கிறது. கடைக்கு அனுப்பும்போது மீதி எவ்வளவு வரும் என்று கேட்டு அனுப்புங்கள். ஐந்தாம் வகுப்பு நம் ஊர்த் தெருக்களில் உள்ள மரங்களை எண்ணி அட்டையில் வரைந்திருக்கிறது, பள்ளிக்கு வந்தால் பார்க்கலாம். பள்ளி முருங்கைக் கீரை இரண்டு முறை சத்துணவுக்குப் போயிற்று.

பள்ளி ஜனவரி ... தேதி திறக்கும். அன்றைக்கே மூன்றாம் பருவப் புத்தகம் கொடுக்கிறோம். பொங்கல் வரை எல்லா நாளும் பாடம் உண்டு.

மாதத்தில் இரண்டு நாள் நின்றால் வருஷத்துக்கு 20 நாள். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் 100 நாள். அது அரை வருஷப் படிப்பு. உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் வைத்துப் பாருங்கள், எங்களுக்கு ஒரு போன் போதும். வேறு காரணம் என்றால் முதல் நாளே சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.”

இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பள்ளியில் மரம் எண்ணவில்லை, கிணறு எண்ணினீர்கள் என்றால் கிணறு என்றே போடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரைந்த ஒரு படம் இருந்தால் தாள் குப்பைக்குப் போகாது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தடுமாறும் வீடுகளுக்கு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே வாசித்துக் காட்டட்டும், அதையே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடுவதைவிட உங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசிப் போடுவது மேல். நடவு வயலில் இருக்கும் அம்மா கேட்டுக்கொள்வார்.

அந்த அரை வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்கிறது. பத்து மாதம், மாதம் இரண்டு நாள் என்றால் 20, அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐந்து வருஷத்தில் 100. ‘ரெண்டு நாள்தானே’ என்ற அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அவர் சொன்ன இன்னொரு பாதி, ‘எப்படியும் பாஸ்தானே’ என்பது, உண்மை. மத்திய அரசு 2019-இல் சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழி விட்டது. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை, எட்டு வரை யாரையும் நிறுத்துவதில்லை. அதனால் ‘ஃபெயில் ஆக்கிடுவேன்’ என்று மிரட்டாதீர்கள். அது பொய் என்று அவருக்குத் தெரியும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். மாறாக ஒரு துண்டுச் செய்தித்தாளையோ ரேஷன் கடை ரசீதையோ அவர் பிள்ளை கையில் கொடுத்து, அவர் முன்னாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். நன்றாக வாசித்தால் இருவருக்கும் சந்தோஷம். தடுமாறினால் நீங்கள் பேச வேண்டியது பாதி குறைந்துவிடும். ஒன்று மட்டும், பிள்ளை கூனிக் குறுகும்படி ஆகிவிடக் கூடாது. தடுமாறும் என்று முன்பே தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம்.

தாள் கொடுப்பதோடு நம் பக்கம் இருக்கும் ஓட்டையையும் அடைக்க வேண்டும். பருவத்தின் கடைசி நாட்களில் நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? தேர்வு முடிந்துவிடும். ஒரு ஆசிரியர் விடைத்தாளோடு உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருப்பார். பிள்ளைகளைப் ‘பேசாம உட்காருங்க’ என்று விட்டிருப்போம். இரண்டு நாள் அப்படிப் போனால் மூன்றாம் நாள் பிள்ளையே, “இன்னிக்கு ஒண்ணும் நடக்காதும்மா” என்று வீட்டில் சொல்லிவிடும். அது சொல்வது சரிதானே? ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளும் இதே கதைதான். அந்த நாட்களுக்கென்று தனியாக எதையாவது ஒதுக்கி வையுங்கள். கதைப் புத்தகப் பெட்டியைத் திறப்பது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது, தோட்ட வேலை, எதுவானாலும் சரி. வராத பிள்ளை மறுநாள் “நேத்து என்னடா நடந்துச்சு” என்று கேட்க வேண்டும்.

ஜனவரி இதைவிடச் சிக்கலானது. பள்ளி திறந்து பொங்கலுக்குள் கிடைப்பது ஒன்றரை வாரம், சில வருஷம் அதுவும் இல்லை. ‘பொங்கல் முடிஞ்சே போகட்டும்’ என்று பாதி வீடுகளில் தீர்மானமாகிவிடும். பாட்டி ஊருக்குப் போன பிள்ளை அங்கேயே இருந்துவிடும். மூன்றாம் பருவம் ஏற்கெனவே சின்னது, அதில் தொடக்கத்திலேயே இத்தனை நாள் போனால் ஏப்ரலில் பிடிக்க முடியாது. அதனால்தான் புத்தகம் கொடுக்கும் நாளைத் தாளில் தேதியோடு போடச் சொன்னேன். புதுப் புத்தக வாசனைக்குப் பிள்ளைகள் வருவார்கள். வராதவர்கள் புத்தகத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் மேசை மேலேயே பெயர் எழுதி வையுங்கள். பள்ளியில் பொங்கல் வைப்பதாக இருந்தால் அதைக் கடைசி நாளுக்கு வைத்து, கோலத்துக்கும் பாட்டுக்கும் ஒத்திகையை முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இனி அந்த நான்கு வீடு. போவதற்கு முன்னால் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பிள்ளையும் எந்தெந்தக் கிழமை நின்றது என்று பாருங்கள். கிழமையே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். சந்தை நாளா, திங்களா, மக்காச்சோள அறுவடை நடந்த வாரமா? ஏதோ ஒரு பாடம் நடக்கும் நாளாகக்கூட இருக்கலாம். வீட்டுக்குப் போனால், “ஏன் அனுப்பல?” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘காய்ச்சல்’ என்ற ஒரே பதில்தான் எப்போதும் வரும். “காலையில வீட்டுல என்னென்ன வேலை, நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?” என்று கேளுங்கள். தனியாகப் போகாமல் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவரும் ஒரு அம்மா, அதே ஊர்க்காரர். நாம் கேட்டால் மறைப்பதை அவரிடம் சொல்வார்கள்.

அம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார், பிள்ளை எழுந்து தலை வாரிக்கொண்டு வர ஆள் இல்லை என்றால், காலை உணவு இருக்கிறதே டீச்சர். 2023 ஆகஸ்டிலிருந்து நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அது உண்டு. வருகிற வழியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டு வரட்டும், சாப்பாடும் ஆயிற்று, நேரத்துக்கும் வந்தாயிற்று. மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிற்கிறாள், தம்பிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது என்றால் அங்கன்வாடி டீச்சரிடம் நீங்களே பேசுங்கள். கைக்குழந்தை என்றால் அது முடியாது, பாட்டியோ பக்கத்து வீடோ யார் என்று அங்கேயே உட்கார்ந்து பேசித்தான் வழி பார்க்க வேண்டும். அடிக்கடி வயிற்றுவலி என்று நிற்கும் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்த நாளில் அந்தப் பிள்ளை வந்திருந்ததா என்றும் பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்காது.

நாம் ஒப்புக்கொள்ளத் தயங்கும் காரணம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடமே பிடிக்காமல் நிற்கும் பிள்ளை. நான்காம் வகுப்பில் இருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தினமும் யாராவது ஒருவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், அதன் முறை வரும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டு நாள் விட்டு வந்தால் இன்னும் புரியாது, அதனால் இன்னும் இரண்டு நாள் விடும். வீட்டில் மாடு மேய்க்க அனுப்பினார்கள் என்று நாம் நினைப்போம், மாடு மேய்க்கிறேன் என்று கேட்டு வாங்கியதே அந்தப் பிள்ளையாக இருக்கும். இப்படி ஒரு பிள்ளை அந்த நான்கு பேரில் இருந்தால் பெற்றோரிடம் எத்தனை முறை போனாலும் ஒன்றும் நடக்காது. காலையில் வந்ததும் “எங்கடா போனே” என்று கேட்காமல் ஒரு பொறுப்பைக் கொடுங்கள், தேதி எழுதுவதோ மணி அடிப்பதோ. அப்புறம் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்த்தி, எந்த எழுத்தில் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். மற்றவர்கள் முன்னால் வாசிக்கச் சொல்வதை ஒரு மாதத்துக்கு நிறுத்துங்கள்.

பதிவேட்டைப் பற்றி இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆகஸ்டு 1 அன்று பிள்ளைகளை எண்ணும் கணக்கு, எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவல் என்று சின்னப் பள்ளிகளுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில் வராத பிள்ளைக்கும் வருகை போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்களிடம் அது இல்லை என்று தெரிகிறது, இருந்தால் நான்கு பேர் நிற்பதை எழுதியிருக்க மாட்டீர்கள். உதவி ஆசிரியரும் அப்படியே பதியட்டும். போட்டுவிட்டால் எந்தப் பிள்ளை எந்தக் கிழமை நிற்கிறது என்ற தடயமே போய்விடும். சத்துணவுக் கணக்கும் ஒத்துப்போகாது, அது தனித் தலைவலி.

கடைசியாக, நான்கில் ஏதாவது ஒரு குடும்பம் கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ போகிற குடும்பமா என்று பாருங்கள். உங்கள் பக்கம் அது சகஜம். அப்படியென்றால் ஜனவரிக்குள் மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள், மே, ஜூன் வரை திரும்ப மாட்டார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் நிற்பது அதற்கான முன்னோட்டமாக இருக்கலாம். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போக முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் போகிற ஊர் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருஷத்தின் எந்த நாளில் வந்தாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் எமிஸ் எண், வகுப்பு, உங்கள் போன் நம்பர் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி அம்மாவிடம் கொடுத்து, ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே உள்ள தலைமை ஆசிரியருக்கு நீங்களே ஒரு போன் போட்டுவிட்டால் எமிஸில் மாற்றுவதும் சுலபம். உங்கள் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அது போகட்டும். ஊருக்குத் திரும்பியதும் மறுபடி உங்களிடம்தான் வருவார்கள். மற்ற மூன்று வீட்டுக்கு விடுமுறையில்கூடப் போகலாம், இந்த வீட்டுக்கு மட்டும் இந்த வாரமே போய்விடுங்கள்.